பாய்ல் ஹைட்ஸ் பிள்ளைகளின் தூக்கம்: கடிதமும் பதிலும்

வணக்கம்.

நான் லாஸ் ஏஞ்சலஸில் வசிக்கிறேன். பாய்ல் ஹைட்ஸ் பகுதியில் ஒரு மிடில் ஸ்கூலில், பள்ளி விட்ட பிறகு நடக்கும் மாலை வகுப்பில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் கிட்டத்தட்ட எல்லாருமே மெக்சிகோ, எல் சால்வடோர், குவாத்தமாலாவிலிருந்து வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஆறாவது, ஏழாவது, எட்டாவது படிக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். ஆனால் நாலு மணிக்கே மேஜையில் தலை சாய்த்துவிடுகிறார்கள். எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று கேட்டால் பன்னிரண்டு, ஒன்று என்கிறார்கள்.

தூக்கத்தைப் பற்றிப் பள்ளியில் ஒரு தாள் கொடுத்தார்கள். தனி அறை, இருட்டு, அமைதி, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே போனை அணைப்பது என்றெல்லாம் இருந்தது. ஒரு பையன் அதைப் படித்துவிட்டு, "மிஸ், எங்கள் வீட்டில் ஒரே படுக்கையறை. ஆறு பேர் படுக்கிறோம்" என்றான். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சின்ன வயதில் நாங்களும் கூடத்தில் வரிசையாகப் பாய் போட்டுப் படுத்தவர்கள்தான், நன்றாகத் தூங்கினோம். அப்படியானால் கோளாறு எங்கே? பெற்றோரின் கண்டிப்பு போதவில்லையா? அவர்களுடைய கலாச்சாரமா? என்னால் என்ன செய்ய முடியும்?

ம.
லாஸ் ஏஞ்சலஸ்

அன்புள்ள ம.,

அந்தப் பையன் சொன்னதிலேயே விஷயம் இருக்கிறது. அந்தத் தாள், ஆளுக்கொரு அறை இருக்கும் வீட்டை நினைத்து எழுதப்பட்டது. ஆறு பேர் படுக்கும் அறையில் ஒரு பிள்ளை மட்டும் தனியாக ஒழுங்காகத் தூங்கிவிட முடியாது. தூக்கத்தை அந்தப் பிள்ளையின் சொந்தப் பொறுப்பாக வைத்துப் பேசுகிறவரை எதுவும் மாறாது. வீட்டின் ஏற்பாடாகப் பேச வேண்டும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

முதலில் உடம்பைப் பார்ப்போம். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் சொன்ன அளவுப்படி 6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம். உங்கள் பிள்ளைகள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள். பருவமடைவதும் இதே வயதில்தான் தொடங்குகிறது. தூக்க ஆய்வாளர் மேரி கார்ஸ்கேடன் 1993இல் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், உடல் முதிர முதிர அவர்கள் விழித்திருக்க விரும்பும் நேரம் பின்னிரவை நோக்கிப் போவது தெரிந்தது. தூங்கும் நேரத்தை உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதே இந்த வயதில் பிந்திப் போகிறது. அதனால், ஒன்பது மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று பன்னிரண்டு வயதுப் பையன் சொன்னால் அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் பள்ளியின் காலை மணி அவனுக்காகக் காத்திருப்பதில்லை.

2018இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு கணக்கு வெளியிட்டது. ஒன்பது மாநிலங்களின் மிடில் ஸ்கூல் பிள்ளைகளில் 57.8 சதவீதம் பேர் பள்ளி நாட்களில் தேவையான அளவு தூங்கவில்லை. எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்த கணக்கு அது. ஆகவே கலாச்சாரம் என்ற பேச்சை எடுக்காதீர்கள். அப்படித் தொடங்கினால் பெற்றோர் அடுத்த வார்த்தையைக் கேட்க மாட்டார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயமும் இருக்கும்.

உங்கள் பிள்ளைகளுக்குக் கூடுதலாக இருக்கும் சிரமம் இடமும் பெற்றோரின் வேலை நேரமும். பாய்ல் ஹைட்ஸில் 5, 10, 60, 101 என்று நெடுஞ்சாலைகள் வந்து பின்னிக்கொள்கின்றன. குடியிருந்தவர்களின் வீடுகளை இடித்துத்தான் அவற்றைப் போட்டார்கள். மிச்சமிருக்கும் வீடுகளுக்குப் பக்கத்தில் இரவு முழுக்க லாரி ஓடுகிறது. வாடகையைச் சமாளிக்க ஒரு வீட்டில் இரண்டு குடும்பம். அப்பா உணவகத்தின் சமையலறையில், அம்மா அலுவலகக் கட்டடங்களை இரவில் சுத்தம் செய்யும் வேலையில் என்றால், தம்பி தங்கைகளைச் சாப்பிட வைத்துத் தூங்க வைப்பது பன்னிரண்டு வயதுப் பெண்தான். அவள் வீட்டுப்பாடத்தைத் திறக்கும்போது மணி ஒன்பதரை தாண்டியிருக்கும். அவளிடம் போய் "சீக்கிரம் தூங்கு" என்று சொல்வது எனக்குக் கொடுமையாகப் படுகிறது.

நீங்கள் கூடத்தில் பாய் போட்டுப் படுத்ததைச் சொன்னீர்கள். அந்தக் கூடத்தில் விளக்கை யார் அணைத்தார்கள், எத்தனை மணிக்கு என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே விளக்கு, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அணைந்திருக்கும். அதனால்தான் தூங்கினீர்கள். பலர் ஒரு அறையில் படுப்பதால் தூக்கம் கெடுவதில்லை. ஒருவர் டிவி பார்க்க, ஒருவர் போன் பேச, ஒருவர் தூங்க முயல்வதால் கெடுகிறது. ஒரே படுக்கையில் படுக்கக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வது கைக்குழந்தைகளுக்கு. மூச்சுத் திணறும் ஆபத்து இருப்பதால் சொல்வது. அதை எடுத்துவந்து, பன்னிரண்டு வயதுப் பெண் பாட்டியோடு படுப்பதைத் தவறு என்று பள்ளியில் யாராவது சொன்னால் தயங்காமல் மறுத்துப் பேசுங்கள். பாட்டியின் பக்கத்தில் பயமில்லாமல் தூங்குகிற பிள்ளையைப் பிரித்துத் தனியே போட்டு என்ன சாதிக்கப் போகிறோம்?

எனவே வீட்டுக்காரர்களிடம் கேட்க வேண்டியது அந்த ஒரு அறையின் விளக்கு அணையும் நேரம். ஒன்பதரை என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் விழித்திருக்கும் பெரியவர்கள் சமையலறைக்குப் போய்விட வேண்டும். டிவி அந்த அறையில் இருந்தால் அதுவும் இடம் மாற வேண்டும். ராத்திரித் தொடரைப் பாட்டி விட மாட்டார், விடவும் வேண்டாம், சமையலறையில் பார்க்கட்டும். போன்கள் எல்லாம் சமையலறையில் ஒரே இடத்தில் சார்ஜ் ஆகட்டும், பெரியவர்களுடையதும் சேர்த்து. பிள்ளையின் போனை மட்டும் பிடுங்கினால் சண்டைதான் வரும். லாரிச் சத்தத்துக்கு ஒரு மின்விசிறியை ஓடவிடுங்கள். அதன் சீரான இரைச்சலில் மற்ற சத்தங்கள் அமுங்கிவிடும்.

அப்புறம் அப்பா. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் சற்று நீட்டிச் சொல்கிறேன். இரவு பதினொரு மணிக்கு வேலை முடிந்து வரும் அப்பாவைப் பார்க்கத்தான் பல பிள்ளைகள் விழித்திருப்பார்கள். பிள்ளை எழுந்து பள்ளிக்குப் போகும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அந்த அரை மணி நேரத்தை விட்டால் அவர்களுக்கு வேறு நேரம் கிடையாது. 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் ஆவணமில்லாதவர்களைப் பிடிக்கக் குடியேற்றத் துறையின் சோதனைகள் நடந்ததை நீங்கள் அருகிலிருந்தே பார்த்திருப்பீர்கள். அப்பா வீடு வந்து சேர்ந்தாரா என்று தெரியாமல் எந்தப் பிள்ளைக்குக் கண் மூடும்? சீக்கிரம் படு என்பதை, அப்பாவைப் பார்க்காதே என்றுதான் அந்தப் பிள்ளை எடுத்துக்கொள்ளும். ஆகவே அந்தச் சந்திப்புக்கு வேறு இடம் கொடுத்துவிட்டுத்தான் தூக்கத்தைக் கேட்க வேண்டும். இரவு எட்டு மணி இடைவேளையில் அவர் வீடியோவில் கூப்பிடலாம். அல்லது காலையில் பத்து நிமிடம் எழுந்து பிள்ளையோடு உட்கார்ந்துவிட்டு மறுபடி படுக்கலாம். வேலையிலிருந்து கிளம்பியதும் அம்மாவுக்கு ஒரு செய்தி அனுப்பினால், அவர் அதைப் பிள்ளையின் காதில் சொல்லலாம். பயம் முழுதும் போகாதுதான், ஆனால் காத்திருப்பு குறையும்.

காபி விஷயம் சின்னது, ஆனால் உடனே பலன் தரும். மாலையில் பான் துல்செ என்ற இனிப்பு ரொட்டியோடு பால் கலந்த காபியைப் பிள்ளைகளுக்கும் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. பள்ளி விட்டதும் மூலைக்கடையில் வாங்கும் எனர்ஜி டிரிங்க் வேறு. இரண்டிலும் இருக்கும், தூக்கத்தைக் கலைக்கும் காஃபீனில் பாதி உடம்பிலிருந்து கழிய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். காபிக்குப் பதில் சீமைச்சாமந்திப் பூவில் போடும் மன்சானியா தேநீரைக் கொடுங்கள் என்றால் பாட்டிகள் சந்தோஷமாகச் செய்வார்கள், அது அவர்கள் கைமருந்து. கடையில் விற்கும் மெலடோனின் மிட்டாயை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். 2023இல் அமெரிக்காவில் 25 வகைகளைச் சோதித்தபோது 22இல் உள்ளே இருந்த அளவும் லேபிளில் எழுதியிருந்ததும் ஒத்துப்போகவில்லை.

உங்கள் கையில் இருப்பது மாலை வகுப்பு. கலிஃபோர்னியாவில் 2002 வாக்கெடுப்பில் நிறைவேறிய சட்டத்தின் பணத்தில் நடக்கும் இந்த வகுப்புகள் ஆறு மணி வரை நடக்க வேண்டும் என்பது விதி. உங்களுடையதும் அதில்தான் வரும் என்று நினைக்கிறேன். அந்த நேரத்துக்குள் வீட்டுப்பாடம் முழுவதும் முடிந்துவிட வேண்டும். புதுக் கணக்கு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. ஒன்பதரைக்குப் புத்தகம் திறக்கும் அந்தப் பெண்ணுக்கு நீங்கள் செய்யக்கூடியதில் பெரியது இதுதான். தலை சாய்க்கும் பிள்ளையை இருபது நிமிடம் தூங்கவிட்டு எழுப்புங்கள். வீட்டுக்குப் போய் மூன்று மணி நேரம் தூங்கினால் அன்றைய ராத்திரி போச்சு. காலையில் வெயிலில் நடந்து பள்ளிக்கு வரச் சொல்லுங்கள், காலை வெளிச்சம் உடம்பின் கடிகாரத்தை முன்னால் இழுக்கும். சனி, ஞாயிறு மதியம் வரை தூங்கினால் இழுத்ததெல்லாம் பின்னால் போய்விடும்.

பள்ளி நேரத்தையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் மிடில் ஸ்கூலும் 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று 2014இலேயே சொன்னது. கலிஃபோர்னியாவில் 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம் உயர்நிலைப் பள்ளிக்கு 8.30 என்றும் மிடில் ஸ்கூலுக்கு 8.00 என்றும் வைத்தது. சின்னவர்களுக்கு அரை மணி நேரம் ஏன் குறைய வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. சியாட்டிலில் 2016இல் உயர்நிலைப் பள்ளிகளை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றியபோது மாணவர்களின் தூக்கம் 34 நிமிடம் கூடியது. யாரும் யாருக்கும் உபதேசம் செய்யாமலே கூடிய தூக்கம் அது. ஆனால் உங்கள் பகுதியில் அம்மா ஏழு மணி வேலைக்குப் போகும் வழியில் பிள்ளையை இறக்கிவிட்டுப் போனால் இந்தச் சட்டத்தால் பயனில்லை. பெற்றோர் இரண்டு மூன்று பேர் முறை வைத்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தினமும் குறட்டை விடும் பிள்ளை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறும் பிள்ளை, இரவில் இருமி எழும் ஆஸ்துமா பிள்ளை, இவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் போதாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். டான்சில் வீக்கமாக இருக்கலாம். கலிஃபோர்னியாவில் 2016 மே மாதத்திலிருந்து 19 வயதுக்கு உட்பட்ட ஏழைப் பிள்ளைகளுக்குக் குடியேற்ற நிலை எதுவானாலும் மெடிகால் என்ற அரசு மருத்துவக் காப்பீடு உண்டு. இது தெரியாதவர்களும், தெரிந்தும் பெயரைப் பதிய அஞ்சுகிறவர்களும் இருப்பார்கள். அந்தப் பேச்சை நீங்களோ நானோ எடுப்பதைவிட, அவர்கள் மத்தியிலிருந்தே வந்த சுகாதாரப் பணியாளர்கள், ப்ரொமோதோரா என்று அவர்கள் அழைக்கும் பெண்கள், ஸ்பானிஷில் எடுப்பதே சரி. பெற்றோர் கூட்டத்துக்கு அவர்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள். கூட்டத்தை வார நாள் மாலையில் வைத்தால் அப்பாக்கள் வர முடியாது. ஞாயிறு பூசை முடிந்ததும் தேவாலயக் கூடத்தில் கேட்டுப் பாருங்கள், பாட்டிகளும் வருவார்கள்.