கோப்பை நீட்டினால் டிஸ்கில் இடம் ஏன் குறைவதில்லை?

"காலிக் கோப்பு ஒன்றை 10 ஜிபிக்கு நீட்டினேன், டிஸ்கில் காலி இடம் அப்படியே இருக்கிறதே" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் மாற்றியது அளவு என்ற எண்ணை மட்டும்தான். லினக்ஸின் எக்ஸ்ட்4 (ext4) என்ற கோப்பு முறைமையில் அந்த எண் ஐநோடில், அதாவது கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் பதிவில், மாறும். டிஸ்கில் இடம் கொடுக்கும் அலகான பிளாக் எதுவும் ஒதுக்கப்படாது. எழுதாத பகுதி ஓட்டையாகவே கிடக்கும், படித்தால் பூஜ்ஜியங்கள் வரும். நடுவில் ஒரே ஒரு பைட் எழுதிப் பாருங்கள்: கோப்பின் அளவைச் சொல்லும் எல்எஸ் (ls) கட்டளை 10 ஜிபி என்றே காட்டும், டிஸ்கில் பிடித்த இடத்தைச் சொல்லும் டியூ (du) கட்டளை வெறும் 4 கேபி காட்டும்.

ஆபத்தும் இங்கேதான். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கணக்கு அலுவலகத்துக்கு டேட்டாபேஸ் கோப்பை இப்படித்தான் நீட்டி வைத்தேன். மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு ஓடும்போது டிஸ்க் நிறைந்து, எழுதும் வேலை பாதியில் நின்றுவிட்டது. இடம் உறுதியாக வேண்டுமென்றால் ஃபாலோகேட் (fallocate) கட்டளையைப் பயன்படுத்துங்கள். அது பிளாக்குகளை உடனே பிடித்து, 'இன்னும் எழுதவில்லை' என்று குறித்து வைக்கும். பூஜ்ஜியங்களை எழுதிக்கொண்டிருக்காது, அதனால் சட்டென்று முடியும். இடம் போதாவிட்டால் அப்போதே சொல்லிவிடும்.

அப்புறம், பென்டிரைவில் ஃபேட்32 (FAT32) என்ற கோப்பு முறைமை இருந்தால் ஓட்டை விட வழியே கிடையாது. நீட்டிய அளவுக்கு இடம் போகும். ஒரு கோப்பு 4 ஜிபியை எட்டவும் முடியாது.