சுரங்கக் கழிவுநீரைத் தெளியவைக்க, பாலிஅக்ரிலமைடு என்ற செயற்கைப் பாலிமருக்குப் பதில் முருங்கை விதை, கைட்டோசான் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது), குவார் கம் (கொத்தவரை விதைப் பசை) பயன்படுமா?

பயன்படும். எது என்பதைத் தண்ணீரின் பிஹெச்தான் (அமில-கார அளவு; 7 நடுநிலை) முடிவு செய்யும்.

இவையெல்லாம் திரட்டிகள். திரட்டி என்பது மிதக்கும் நுண்துகளைக் கூட்டிச் சேர்க்கும் பொருள். கரைந்திருக்கும் உலோகத்தை இறக்க அதை நம்பக்கூடாது. அமிலச் சுரங்க நீர் என்றால் முதல் வேலை சுண்ணாம்பு போட்டு பிஹெச்சை ஏற்றுவது. ஃபெரிக் இரும்பு பிஹெச் 4-க்குள்ளேயே படிந்துவிடும். துத்தநாகத்துக்கு 9, மாங்கனீசுக்கு 10 பக்கம் போக வேண்டும்.

கைட்டோசான் காலை வாருவது இங்கேதான். அமிலத்தில்தான் அதற்கு நேர் மின்னூட்டம். பிஹெச் 6.5 தாண்டினால் அது குறைந்துகொண்டே போகும், கைட்டோசானே கரைசலிலிருந்து பிரிய ஆரம்பிக்கும். 9-க்கு ஏற்றிய நீரில் மின்னூட்டம் இல்லாத குவார் கம்மோ ஸ்டார்ச்சோதான் பொருத்தம். இது ஒன்றும் புதுசில்லை. அலுமினா ஆலைகளில் செயற்கைப் பாலிமர் வருமுன் காரமான சிவப்புச் சேற்றை (பாக்சைட் கழிவு) படியவைத்ததே ஸ்டார்ச்தான்.

எம்-சாண்ட் கழுவிய தண்ணீர் போல பிஹெச் 7-ஐ ஒட்டிய களிமண் கலங்கலுக்கு முருங்கை விதை நன்றாக வேலை செய்யும். (தேற்றாங்கொட்டையைப் பானைக்குள் உரசுவதும் இந்த ரகம்தான்.) ஆனால் கணக்குப் போடுங்கள்: லிட்டருக்கு 200 மி.கி. என்றால், நாளைக்கு 500 கனமீட்டர் ஓடும் ஆலைக்கு 100 கிலோ முருங்கை விதைப் பருப்பு வேண்டும். போதாக்குறைக்கு, விதையின் கரையும் பொருள் நீரிலேயே தங்கி பிஓடி-யை (கரிமப் பொருளைச் சிதைக்க நுண்ணுயிருக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) ஏற்றும்.

எதையும் வாங்குமுன் ஜார் டெஸ்ட், அதாவது ஜாடிகளில் வெவ்வேறு அளவு மருந்தைப் போட்டுப் பார்க்கும் சோதனை. கைட்டோசான் 1 கிராமை, 1 சதவீத அசிட்டிக் அமிலம் ஒரு லிட்டரில் இரவு முழுதும் கலக்கவிடுங்கள். சல்ஃபியூரிக் அமிலம் வேண்டாம், அதில் கரையாது. இந்தக் கரைசல் 1 மி.லி.யை ஒரு லிட்டர் கழிவுநீரில் விட்டால் 1 மி.கி. அளவு. முருங்கைக்குத் தோல் நீக்கிய பருப்பு 2 கிராமை அரைத்து, 1 சதவீத உப்புநீர் 100 மி.லி.யில் 15 நிமிடம் கலக்கித் துணியில் வடிகட்டுங்கள். அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். நாற ஆரம்பித்த கரைசலைக் கொட்டிவிடுங்கள். குவார் கம்மைச் சுழலும் நீரில் கொஞ்சங்கொஞ்சமாகத் தூவுங்கள், ஒரேயடியாகக் கொட்டினால் உள்ளே காய்ந்த மாவோடு கட்டி தட்டும். ஒன்றிரண்டு மணிநேரம் ஊறட்டும்.

ஆறு ஜாடி, ஒன்றில் எதுவும் சேர்க்காமல். நிமிடத்துக்கு 150 சுற்றில் 1 நிமிடம், 30 சுற்றில் 15 நிமிடம், பிறகு அரைமணி அசையாமல். கைட்டோசான் 1, 2, 5, 10, 20 மி.கி. என்றும் முருங்கை 50-லிருந்து 400 மி.கி. வரையும் போட்டுப் பாருங்கள். 5-ல் தெளிந்து 20-ல் திரும்பக் கலங்கினால் பொருள் மோசமென்று தூக்கி எறியாதீர்கள். அளவு மிஞ்சியதால் துகளெல்லாம் நேர் மின்னூட்டம் ஏறி ஒன்றையொன்று தள்ளுகின்றன. மிஞ்சிய கைட்டோசான் வெளியே போனால் மீனின் செவுளில் ஒட்டிக் கொல்லும். இயற்கைப் பொருள்தானே என்று தாராளம் காட்ட இடமில்லை.

ஜாடியில் நன்றாகத் தெளிந்தது ஆலையில் சொதப்பினால், மருந்து விடும் இடத்தைப் பாருங்கள். அதற்குப் பிறகு சென்ட்ரிஃப்யூகல் பம்பு இருந்தால் திரள் நொறுங்கிவிடும். இயற்கைப் பொருளின் திரள் பாலிஅக்ரிலமைடினுடையதைவிடப் பொதுவாகச் சிறியது, மென்மையானது. விடும் இடத்தைப் பம்புக்கு அப்பால், திக்கனரின் (சேறு படியும் தொட்டி) நடுவில் கழிவுநீர் நுழையும் நடுக்கிணற்றுக்கு மாற்றுங்கள்.