மலையில் இருந்துகொண்டே மலைக்கு ஏங்கும் தங்கச்சிக்கு

கேள்வி: அப்புத்தளைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கிறேன். வயது 26. வீட்டிலிருந்தே லண்டன் கம்பனி ஒன்றுக்குக் கணக்கு வேலை செய்கிறேன். பகல் தொடங்கி இரவு பத்து மணி தாண்டும்வரை லெப்டொப், பிறகு தூக்கம் வரும்வரை போன். காலையில் கண் விழித்ததும் முதலில் பார்ப்பது ஒபிஸ் வட்ஸ்அப் குரூப்பைத்தான். எந்நேரமும் தலைவலி, எரிச்சல். எல்ல பக்கத்தில் ஒரு விடுதியில் நம் போனை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டு இரண்டு நாள் இயற்கையோடு இருக்க விடுவார்களாம். பாதிச் சம்பளம் போய்விடும். "மலையைப் பார்க்கவா காசு குடுக்கப் போற?" என்கிறார் கொழுந்து எடுக்கும் என் அம்மா. போகட்டுமா?
– ஊவா வாசகி

பதில்: தங்கச்சி, அம்மா கேட்டது சரியான கேள்வி. அதற்காக உங்கள் களைப்பு பொய்யாகிவிடாது. கூடை சுமந்த முதுகின் வலியை ஊரே பார்க்கிறது. நாளெல்லாம் எண்களைப் பார்த்த தலையின் வலி யாருக்கும் தெரிவதில்லை.

விடுதிக்கு இப்போது போக வேண்டாம். இரண்டு நாள் நன்றாகத்தான் இருக்கும். திரும்பி வந்தால் அதே மேசை, அதே குரூப், கையில் பாதிச் சம்பளம். இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் திரட்டிய விவரங்களை வைத்து 2019இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வாரத்துக்கு 120 நிமிடமாவது மரம், செடி, வெளி என்று இருந்தவர்கள், உடலும் மனமும் நன்றாக இருப்பதாகக் கூடுதலாகச் சொன்னார்கள். அதை ஒரே நாளில் கழித்தாலும், கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கழித்தாலும் வித்தியாசம் தெரியவில்லையாம். தினமும் இருபது நிமிடம் நடந்தாலே உங்களுக்கு அந்தக் கணக்கு வந்துவிடும்.

நேரத்துக்கு எங்கே போவது என்பீர்கள். லண்டனில் காலை 9 மணி என்றால் நமக்குப் பகல் 1.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 2.30. நீங்கள் ஆறு மணிக்கு எழுந்து குரூப்பைத் திறக்கும்போது அங்கே நள்ளிரவு. பதிலுக்காக யாரும் காத்திருக்கவில்லை. இத்தனை நாளாக உங்கள் சொந்தக் காலையைச் சும்மா தூக்கிக் கொடுத்திருக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

டவுனில் ஒரு அலாரம் மணிக்கூடு வாங்குங்கள். எழுப்புவதற்குப் போன் தேவையில்லை என்றால் அது இரவில் குசினியிலேயே கிடக்கலாம். விடிந்ததும் ஒரு பிளேன்டியைக் குடித்துவிட்டு, போனை எடுக்காமல் தோட்ட ரோட்டில் நடங்கள்.

முதல் நாட்கள் சுகமாக இருக்காது. எனக்கு இருக்கவில்லை. பீலிக்கரையைத் தாண்டுவதற்குள் நாலு தடவை கை தானாகப் பைக்குள் போனது. ஏதோ தொலைந்துபோன மாதிரி ஒரு பதற்றம். நாலாம் நாள்தான் பக்கத்தில் இருந்ததே கண்ணில் பட்டது: பனி ஈரத்தில் தேயிலைச் செடிகளின் மேல் சிலந்தி வலைகள், செடிக்கொரு வெள்ளைக் கைக்குட்டை விரித்ததுபோல. அதில் ஒன்றின் ஓரத்தில், கடுகளவு சிலந்தி தண்ணீர்த் துளியைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. அது போய் முடியும்வரை நின்றேன். கீழே லயத்தில் யாரோ ரொட்டி தட்டும் சத்தம் கேட்டது. அன்றைக்கு நான் வேறு எதுவும் செய்யவில்லை, தங்கச்சி. ஆனால் நெற்றியின் இறுக்கம் விட்டிருந்தது.

கிட்டப் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் தசை இறுகி வேலை செய்கிறது, தூரத்தைப் பார்த்தால் தளர்கிறது. தூரம் உங்கள் ஊரில் கொட்டிக் கிடக்கிறது; வானம் தெளிந்த நாளில் அப்புத்தளை விளிம்பிலிருந்து தெற்குக் கடல் வரைக்கும் பார்க்கலாம். இவ்வளவுக்கும் தலைவலி விடவில்லை என்றால் கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இரண்டு விஷயத்தில் கவனம். காடாகிப்போன தேயிலை மலைக்குள் தனியாக இறங்காதீர்கள், குளவி இருக்கும். அப்புறம், ஒக்டோபர் முதல் அடைமழை பிடிக்கும் மாதங்களில் போனை அணைத்து வைக்காதீர்கள். மண்சரிவு எச்சரிக்கை அதில் வரலாம். சத்தத்தைக் கூட்டி வையுங்கள், 117 என்ற அனர்த்த முகாமைத்துவ நிலைய எண்ணை அம்மாவுக்கும் சொல்லிக் கொடுங்கள். அந்த நாட்களில் குரூப்பை மட்டும் மூடினால் போதும்.

அம்மாவைப் பற்றி ஒன்று. அவருக்கு மலை என்றால் அட்டைக்கடி, ஈரச் சேலை, நிறுவைத் தராசு. "இயற்கையை ரசிக்க வாங்க" என்று கூப்பிட்டால் அவருக்கு அது கசக்கலாம். வேலையில்லாத ஞாயிறு ஒன்றில், "நீங்க கொழுந்து எடுக்கிற மலைய எனக்குக் காட்டுங்க" என்று கேளுங்கள். ரொட்டியும் கட்டச் சம்பலும் சுற்றி எடுத்துக்கொண்டு போங்கள். பாரம் ஏறினால் எந்தக் கல்லில் கூடையை இறக்கி வைப்பார் என்று விசாரியுங்கள். அந்தக் கல்லில் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். எனக்கு எழுதுங்கள்.