ஆற்றில் பிடித்த ஜீப்ரா பிளெகோவை வாங்கலாமா?

கேள்வி: வண்ணமீன் கடையில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட ஜீப்ரா பிளெகோ ஒன்று பார்த்தேன். தொட்டியில் படியும் பாசியை எல்லாம் தின்றுவிடுமாம். ஆற்றில் பிடித்தது என்பதால் திடமாக இருக்குமாம். விலைதான் மிக அதிகம். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஆற்றில் பிடித்தது என்று கடைக்காரர் சொன்னதே போதும், வேண்டாம் என்பதற்கு.

உலகத்திலேயே ஒரே ஓர் ஆற்றில்தான் இந்த மீன் இருக்கிறது. பிரேசிலின் பாரா மாநிலத்தில் ஓடும் ஷிங்கு ஆறு. அதிலும் வோல்டா கிராண்டே என்ற பெரிய வளைவை ஒட்டிய பகுதி. அங்கேதான் பெலோ மான்டே அணையைக் கட்டினார்கள். வளைவுக்குப் போக வேண்டிய தண்ணீரில் பெரும்பங்கு இப்போது மின்நிலையத்துக்குத் திரும்பிவிட்டது. போக்கிடம் இல்லாத மீன் அது. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் சைட்டிஸ். 2022-இல் பனாமாவில் கூடிய அதன் மாநாடு இந்த மீனை இரண்டாம் பட்டியலில் சேர்த்து, ஆற்று மீன்களின் வணிக ஏற்றுமதிக்கான ஒதுக்கீட்டைப் பூஜ்யமாக்கியது. புதிதாகப் பிடித்து வந்த மீன் என்றால் அது கடத்தல் சரக்குதான்.

பாசி கதையும் தவறு. பிளெகோ குடும்பத்தில் பாசியைச் சுரண்டித் தின்பவை நிறைய உண்டு; இது அந்த ரகமில்லை. புழு, சிறு இறால் போன்ற இரைதான் இதற்கு முக்கியம். பாசியை நம்பி விட்டால் வயிறு ஒட்டிச் செத்துப்போகும்.

ஆசை விடவில்லை என்றால், தொட்டியிலேயே பொரித்து வளர்த்த குஞ்சுகள் கிடைக்கின்றன. ஒரு ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான் இடும் என்பதால் அவையும் மலிவாக இருக்காது. வளர்த்தவர் யார் என்று கேளுங்கள், தாய் மீனையும் தகப்பன் மீனையும் காட்டச் சொல்லுங்கள், தொட்டியில் பொரித்தது என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

பணம் கொடுக்கும் முன் உங்கள் தொட்டியையும் யோசியுங்கள். தண்ணீர் 28 முதல் 30 டிகிரி வரை இருக்க வேண்டும். வெப்பம் ஏற ஏற நீரில் ஆக்ஸிஜன் குறையும். ஷிங்குவில் பாறைகளில் மோதிப் பாயும் வேகம் அதை ஈடுகட்டுகிறது. உங்களிடம் அந்த வேலையை, தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பவர்ஹெட்டும் ஏர் பம்ப்பும் செய்ய வேண்டும். ஒளிந்துகொள்ளக் கல்லிடுக்கும் வேண்டும். ஆண் மீன் அப்படிப்பட்ட பொந்துக்குள்தான் முட்டையைக் காக்கும்.

கடையில் கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வயிற்றைப் பாருங்கள். உள்வாங்கியிருந்தாலோ, கண் குழிந்திருந்தாலோ அந்த மீன் வேண்டாம். இரவில் மேயும் மீன் இது. அதனால் விளக்கை அணைத்துவிட்டு இரை போடச் சொல்லி, தின்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.