கோ 4 புல்லுக்கு தாய் கம்புதானே, அப்புறம் ஏன் நேப்பியர் மாதிரியே வளருது?

நீங்க கேட்டது சரிதான், கோ 4ன்றது கம்பையும் நேப்பியரையும் (யானைப் புல்லு) ஒட்டு சேர்த்த மாட்டுத் தீவனப் புல்லு, அதுல தாய் கம்பு, மகரந்தம் குடுத்தது நேப்பியர். எங்க வீட்லயும் இதே கேள்வி வந்துச்சு. பள்ளிகொண்டா பக்கத்துல எங்க நைனா நாலு மாட்டுக்கு இருபது சென்ட்ல இந்தப் புல்லு போட்டிருக்காரு, ஒருநாள் அறுத்துகினு இருக்கும்போது "இன்னாடா, கம்பு வயித்துல பொறந்துச்சுன்ற, கம்பு ஒரு போகத்தோட முடிஞ்சிடும், இது அறுக்க அறுக்க தூர் கட்டிகினே கீதே"ன்னாரு.

மொதல்ல கணக்கப் பாருங்க. கம்புக்கு 14 குரோமோசோம் (ஜீனுங்கள சுமக்கற இழை), நேப்பியருக்கு 28, ரெண்டும் பாதி பாதி குடுத்தா 7-ம் 14-ம் சேர்ந்து 21, அதாவது பொறக்கும்போதே மூணுல ரெண்டு பங்கு அப்பனோடது. இது ஒத்தைப்படையா நிக்கறதால குரோமோசோம் சரியா ஜோடி சேராது, அதனாலதான் விதை புடிக்காது, நாம கரணை நடறோம். அந்த 14-லயும் ரெண்டு செட் இருக்கு, ஒண்ணு கம்போட செட்டுக்கு நெருங்கின சொந்தம், இன்னொண்ணு பி செட்டு, அது கம்புகிட்ட இல்லவே இல்ல. இந்த பி செட்டுதான் கம்போட பல குணத்த மூடிடுதுன்றது பிரீடருங்க கவனிச்ச விஷயம்.

ஆனா தாய்னாலே எண்ணிக்கைல தோக்கும்னு இல்ல, கரும்புல அப்படியே உல்டா. 1918-ல கோயமுத்தூர்ல வெளியிட்ட கோ 205-க்கு தாய் 80 குரோமோசோம் உள்ள நாட்டுக் கரும்பு, அப்பன் 64 உள்ள காட்டுக் கரும்பு. நியாயமா 40-ம் 32-ம் சேர்ந்து 72 வரணும், ஆனா தாய் பாதியாக்காம மொத்த 80-ஐயும் குடுத்துடுச்சு, 112 ஆயிடுச்சு. எனக்கு இதப் படிச்சப்போ ராத்திரி தூக்கமே வரல, நம்ம ஊர் பக்கம் ஆலைக்குப் போற கரும்பெல்லாம் இந்த மாதிரி வம்சம்தான்.

எண்ணிக்கை சமமா இருந்தாலும் ஒரு பக்கம் ஜெயிக்கும், அது வேற வழி. மக்காச்சோளத்தோட பழைய மூதாதைல ரெண்டு ஜீனோம் (ஒரு செடியோட மொத்த ஜீன் தொகுப்பு) சேர்ந்திருக்கு, அதுல ஒண்ணுதான் நிறைய ஜீனக் காப்பாத்தி வெச்சிருக்கு, சத்தமாவும் வேலை செய்யுது, இன்னொண்ணு கொஞ்சங்கொஞ்சமா ஜீன இழந்துகினே வந்திருக்கு. காரணம்னு முக்கியமா சொல்றது டிரான்ஸ்போசான், அதாவது ஜீனோம்ல எடம் விட்டு எடம் தாவற துண்டுங்க. செடி அதுங்கள அடக்க மெத்தில்னு ஒரு பூட்டு போடுது, அந்தப் பூட்டு பக்கத்துல இருக்கற நல்ல ஜீனையும் சேர்த்து அமுக்கிடுது. அதனால ஜீனுக்குப் பக்கத்துல இந்தத் துண்டுங்க கம்மியா இருக்கற பக்கம் பெரும்பாலும் ஓங்கிடும். எல்லா புல்லுலயும் இப்படின்னு எடுத்துக்காதீங்க, ரொட்டி கோதுமைல மூணு செட்டு இருந்தும் பெரும்பாலான ஜீனுங்க கிட்டத்தட்ட சமமாத்தான் வேலை செய்யுது. பார்லிய ஹார்டியம் பல்போசம்ன்ற அதோட காட்டுச் சொந்தத்தோட சேர்த்தா இன்னும் கொடுமை, பல சமயம் கருவுலயே அந்தக் காட்டுப் பக்கத்துக் குரோமோசோம் மொத்தமா வெளிய போயிடும்.

கோ 4-ல கம்பு ஒண்ணுமே குடுக்கலன்னு மட்டும் சொல்லாதீங்க. வெறும் நேப்பியர் ஒரு கத்தையும் இது ஒரு கத்தையும் பக்கத்துல வெச்சு கையால தடவிப் பாருங்க, இலை மெதுவா இருக்கும், தண்டுல சாறு இருக்கும், அது கம்பு தந்தது. நைனாகிட்ட அப்படித்தான் காட்டுனேன், "அதான் மாடு தண்டக்கூட மீதி வைக்கறதில்ல"ன்னாரு.