ஃபெர்மா நம்பினார், ஆய்லர் வகுத்துப் பார்த்தார்

அன்புள்ள அண்ணா,

சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு அரிசி, அடுத்தடுத்து இரட்டிப்பு என்ற கதையைக் கேட்டுவிட்டு, மொத்தம் எவ்வளவு என்றான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன். போனில் பார்த்து 18446744073709551615 என்றேன். "இந்த எண்ணில் வேறென்ன விசேஷம்?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு பெரிய எண்ணால் என்ன பயன்? நம் முன்னோரின் கணித அறிவுக்கு இந்தக் கதை ஆதாரம் ஆகுமா?

செல்வி

அன்புள்ள செல்வி,

ஆகாது. கதையை வைத்து அதையெல்லாம் நிறுவ முடியாது, விடுங்கள். பயன் வேண்டுமென்றால், கணினியில் 64 பிட்டில், அதாவது 0, 1 மட்டும் கொண்ட 64 இடங்களில், அடங்கும் மிகப்பெரிய முழு எண் இதுதான். போதுமா? இந்தக் கேள்வியைத் தயவுசெய்து மகன் காதில் விழும்படி கேட்காதீர்கள். அவன் கேட்டது உங்களுடையதைவிட எவ்வளவோ நல்ல கேள்வி. சில நாட்களாக நானும் இதே எண்ணோடுதான் இருக்கிறேன்.

இது 2-இன் 64ஆம் அடுக்கைவிட ஒன்று குறைவு. இரண்டு வர்க்கங்களின் வித்தியாசத்துக்கு அவன் பாடத்தில் ஒரு சூத்திரம் இருக்கும். அது எதற்கு என்று நான் பள்ளியில் கேட்டபோது, "பரீட்சைக்கு வரும், எழுது" என்றார் ஆசிரியர். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அதைக் கொண்டு இந்த எண்ணையே உடைக்கலாம் என்று ஒருவர்கூடக் காட்டவில்லையே!

64ஆம் அடுக்கு, 32ஆம் அடுக்கின் வர்க்கம். ஆகவே நம் எண் இரண்டு துண்டாகும்: 32ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டியது ஒன்று, கழித்தது இன்னொன்று. கழித்ததை மறுபடி அப்படியே உடையுங்கள். கடைசியில் 3, 5, 17, 257, 65537, 4294967297 என ஆறு எண்கள் நிற்கும். பெருக்கினால் அரிசிக் கணக்கு அப்படியே திரும்ப வரும்.

முதல் ஐந்தும் பகா எண்கள். 2-இன் அடுக்கை 1, 2, 4, 8 என இரட்டித்து ஒன்றைக் கூட்டும் இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்களே என்று 1640-இல் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா கடிதத்தில் எழுதினார். நிரூபணம் அவரிடம் இல்லை. 1732-இல் சுவிஸ் கணித மேதை ஆய்லர் ஆறாவதை உடைத்துக் காட்டினார்: 641 × 6700417. 65537-க்குப் பிறகு அந்த வரிசையில் இன்றுவரை ஒரு பகா எண்கூடக் கிடைக்கவில்லை.

எனக்கு ஆறாத விஷயம் இதுதான். ஆறாவது எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். அதை வருவிக்கத் தேவையான தேற்றம் ஃபெர்மாவுடையது, அதே 1640-இல் அவர் எழுதியது! அப்படிப் பார்த்தால் சோதிக்க வேண்டியவை 193, 257, 449, 577, 641. ஐந்தே ஐந்து வகுத்தல். அவ்வளவு பெரிய மனிதர் அந்த 641-ஐக் கண்டுபிடிக்கவில்லை. ஐந்து முறை சரியாக வந்ததே அவருக்குப் போதுமாக இருந்திருக்கலாம். உங்களுக்குப் போன் போதுமாக இருந்ததுபோல.

சரி, கோபித்துக்கொள்ளாதீர்கள். 64 விதியின் நிரூபணத்தை அவன் பின்னால் படிக்கட்டும். இன்று 4294967297 என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, 193-இல் தொடங்கச் சொல்லுங்கள். மீதி வரும்போதெல்லாம் சலித்துக்கொள்வான், பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். 641 என்று முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். அடுத்த கடிதத்தை அவனே எழுதட்டும்.