இரண்டாவது கேள்வி

அன்புள்ள ஐயா,

வங்கி வேலை பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்துவருகிறேன். எனக்கு ராஜபாளையம் பக்கத்தில் சத்திரப்பட்டி. பி.இ. இ.சி.இ. (மின்னணு, தகவல் தொடர்பு) முடித்துவிட்டு இரண்டு வருடமாக வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். போன வருடம் வங்கி அதிகாரி வேலைக்கான ஐ.பி.பி.எஸ். பி.ஓ. தேர்வில் மெயின்ஸ் என்ற முக்கிய எழுத்துத் தேர்வு தேறி இன்டர்வியூ வரை போனேன். கோச்சிங் சென்டரில் கொடுத்தது, யூடியூபில் பார்த்தது என்று வழக்கமான கேள்விகளுக்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்கள். ஆரம்பித்து மூன்று வரி போவதற்குள் ஒருவர் மறித்து, "உங்கள் ஊரில் என்ன தொழில்?" என்றார். பாண்டேஜ் துணி என்றேன். "அந்தத் தொழிலுக்கு வங்கி என்ன கடன் கொடுக்கும்?" என்றார். எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. அதன் பிறகு தெரிந்த பதில்களும் வாயில் வரவில்லை.

இந்த வருடமும் அழைப்பு வந்திருக்கிறது. "ஒன்றும் தயார் செய்யாதே, இயல்பாகப் பேசு" என்கிறாள் தோழி. கோச்சிங் சார் இன்னும் நூறு கேள்வி-பதில் கொடுத்திருக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? "உங்கள் பலவீனம் என்ன" என்றால் என்ன சொல்ல? இரண்டு வருட இடைவெளிக்கு என்ன காரணம் காட்ட? வீட்டில் சும்மாதான் இருக்கிறேன். சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன், அம்மாவின் மகளிர் குழுவுக்குக் கணக்கு நோட்டு எழுதிக் கொடுக்கிறேன். அப்பா ஒரு தறிக்கூடத்தில் வேலை பார்க்கிறார்.

எம்.

அன்புள்ள எம்.,

மகளிர் குழுவின் கணக்கு நோட்டை எழுதுகிறீர்கள் என்பதைப் போன வருடம் உள்ளே சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். கோச்சிங் சென்டர் கொடுத்த பதில்களில் அது இருந்திருக்காது. அந்த நோட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் தோழிக்கும் சாருக்கும் நடுவே உள்ள வழக்கு. இருவர் சொல்வதும் சரியில்லை. பொதுவாக நான்கைந்து பேர் உட்கார்ந்திருக்கும் அறையில், அதுவும் அன்றாடம் பேசாத மொழியில், தயார் செய்யாமல் இயல்பாகப் பேச முடியும் என்பது வெறும் பேச்சு. அதற்காக நூறு பதிலை உருப்போட்டாலும் பயனில்லை. வழக்கமான கேள்விகளை இன்டர்வியூக் குழு கேட்பது உங்கள் பதிலைக் குறித்துக்கொள்வதற்கு அல்ல, அடுத்த கேள்வியை அதிலிருந்து எடுப்பதற்கு. நான் வங்கியில் இருந்தபோது அப்படிப்பட்ட குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற ஏழாவது ஆளும் "வங்கித் துறை பொருளாதாரத்தின் முதுகெலும்பு" என்று ஆரம்பிக்கும்போது பேனாவை யாரும் தொடக்கூட மாட்டார்கள். முதல் கேள்விக்குப் பதில் எல்லோரிடமும் இருக்கும். ஆளுக்கு ஆள் மதிப்பெண் மாறுவது இரண்டாவது, மூன்றாவது கேள்வியில்தான். நீங்கள் போன வருடம் நின்றுபோனதும் அங்கேதான்.

மதிப்பெண் கணக்கையும் பார்த்துவிடுங்கள். பி.ஓ. தேர்வில் மெயின்ஸுக்கு 80, இன்டர்வியூவுக்கு 20 என்ற விகிதம். இன்டர்வியூ 100 மதிப்பெண்ணுக்கு. அதில் பொதுப் பிரிவினர் குறைந்தது 40 சதவீதம் எடுக்க வேண்டும், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 35. ஆக, 45 எடுப்பவருக்கும் 60 எடுப்பவருக்கும் இறுதிக் கணக்கில் வித்தியாசம் 3 மதிப்பெண். தசமப் புள்ளியில் ஆட்கள் விழுந்து எழுகிற பட்டியலில் மூன்று மதிப்பெண் சின்ன விஷயமில்லை.

உங்களிடம் கேட்ட கேள்விக்கே வருவோம். சத்திரப்பட்டிப் பாண்டேஜ் தறிக்கு வங்கி என்ன கடன் கொடுக்கும்? தறி வாங்க, தவணையில் கட்டும் டெர்ம் லோன்; நூல் வாங்கிச் சரக்கு ஓட்ட, ஒரு வரம்புக்குள் எடுத்துக் கட்டும் கேஷ் கிரெடிட். இந்த அளவுக்கு எந்தப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் கூலிக்கு ஓடுகிற தறியா, சொந்தமாக நூல் வாங்கி ஓட்டுகிற தறியா என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். கூலித் தறிக்காரருக்கு நூல் வெளியிலிருந்து வந்துவிடுகிறது, அவருக்கு நடைமுறை மூலதனம், அதாவது அன்றாடம் தொழிலை ஓட்டும் பணம், கொஞ்சம் போதும். சொந்த நூல்காரருக்கு நூல் விலை ஏறினால் கையிலிருக்கும் பணம் பத்தாது, சரக்கு கொடுத்த இடத்திலிருந்து பணம் வரவும் நாளாகும். சிறு, குறு நிறுவனங்களிடம் சரக்கு வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நடப்பில் அது எப்படி இருக்கிறது என்று அப்பாவிடம் கேளுங்கள். நூலை யார் வாங்குகிறார், ரொக்கத்துக்கா கடனுக்கா, மழைக்காலத்தில் தறி நிற்குமா, முதலாளிக்கு எந்த வங்கியில் கணக்கு, ஏன் அந்த வங்கி? ஒரு சாயங்காலம் அவரோடு உட்கார்ந்து கேட்டால் போதும். அப்புறம் சிறு தொழிலுக்கான மத்திய அரசுத் திட்டமான முத்ரா கடனையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2015இல் வந்தது. சிசு 50,000 ரூபாய் வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. தருண் கடனை வாங்கி ஒழுங்காகக் கட்டியவருக்கு 20 லட்சம் வரை என்று பிறகு சேர்த்தார்கள். ஊரின் பெருமை என்று நாயையும் அருவியையும் மட்டும் சொல்லிவிட்டு வருகிறவர்கள் நிறைய. ராஜபாளையம் நாய் அழகுதான், ஆனால் குழு அதற்குக் கடன் கொடுக்கப்போவதில்லை.

அடுத்தது, "இன்ஜினீயரிங் படித்துவிட்டு ஏன் வங்கி?" உங்களுக்கு இது கட்டாயம் வரும். "சமூக சேவை" என்று ஆரம்பிக்காதீர்கள். நிலையான வேலை வேண்டும் என்று சொல்வதில் தவறே இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர்களும் அதற்காகத்தான் வந்தவர்கள். ஆனால் அதோடு நிறுத்தினால் அடுத்த கேள்வி ஒரு ஆசிரியர் வேலைக்கோ அரசு அலுவலகத்துக்கோ திரும்பும். படித்ததை வங்கியோடு கட்டுங்கள். இ.சி.இ. படித்தவரிடம், கார்டைத் தொட்டுப் பணம் கட்டுவது எப்படி நடக்கிறது என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும். 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், சில சென்டிமீட்டர் தூரத்துக்குள் வேலை செய்யும் என்.எஃப்.சி. என்ற கம்பியில்லாத் தொடர்பு முறை என்பதை நீங்கள் கல்லூரியிலேயே படித்திருப்பீர்கள். பின் நம்பர் இல்லாமல் ஒருமுறைக்கு 5,000 ரூபாய் வரை என்று ரிசர்வ் வங்கி 2021 ஜனவரி முதல் வரம்பை உயர்த்தியது. அதற்கு முன் 2,000. இங்கே வழக்கமாக வரும் அடுத்த கேள்வி, "கார்டு தொலைந்துபோனால்?" உடனே வங்கியில் சொல்லி கார்டை முடக்க வேண்டும், பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கும் சொல்ல வேண்டும். அதற்கும் அடுத்தது, "இதையெல்லாம் ஒரு வயதான வாடிக்கையாளருக்கு எப்படிப் புரியவைப்பீர்கள்?" டியூஷன் எடுக்கிறவருக்கு இது கஷ்டமான கேள்வியா?

இப்படி உங்கள் பதிலாலேயே கேள்வி எங்கே போக வேண்டும் என்று ஓரளவு நீங்கள் தீர்மானிக்கலாம். எப்போதும் நடக்காது, பாதி நேரம் நடக்கும். அதனால் தெரியாத சொல் எதையும் பதிலில் வைக்காதீர்கள். வாராக்கடன் என்ற சொல்லை நீங்களே கொண்டுவந்தால், "எத்தனை நாள் கட்டாமல் நின்றால் வாராக்கடன்?" என்பார்கள். 90 நாள் என்றால், "பயிர்க் கடனுக்கும் அதேதானா?" என்பார்கள். அங்கே குறுகிய காலப் பயிருக்கு இரண்டு பருவம், நீண்ட காலப் பயிருக்கு ஒரு பருவம் என்று கணக்கு வேறு. அது வரைக்கும் தெரிந்தால் மட்டும் அந்தச் சொல்லை எடுங்கள். வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் கடனின் வட்டியான ரெப்போ விகிதத்தைப் போகிற அன்று காலையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அது மாறக்கூடியது.

சரி, மகளிர் குழுவின் அந்தக் கணக்கு நோட்டு. இரண்டு வருட இடைவெளி என்று நீங்கள் பயப்படுவதற்கான பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989இல் தர்மபுரி மாவட்டத்தில் ஆரம்பித்தன. ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு, இவற்றை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தை 1992இல் கொண்டுவந்தது. பத்திலிருந்து இருபது பேர், மாதச் சேமிப்பு, உள்ளுக்குள் கடன், தீர்மானப் புத்தகம், அப்புறம் வங்கிக் கடன். ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் வரும் குழுவுக்கு 20 லட்சம் வரை வங்கி ஜாமீன் சொத்து கேட்கக் கூடாது என்பது விதி. இதெல்லாம் அதிகாரியாகச் சேர்கிறவர்கள் பயிற்சியில் போய் படிக்கிற விஷயம், உங்கள் கையெழுத்தில் வீட்டிலேயே இருக்கிறது. "தேர்வுக்குப் படித்தேன், டியூஷன் எடுத்தேன், ஒரு மகளிர் குழுவின் கணக்கு எழுதினேன்" என்று மூன்றையும் ஒரே வரியில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். கேள்வி மூன்றாவதைத்தான் பிடிக்கும். யார் எதற்குக் கடன் வாங்குகிறார்கள், ஒருவர் தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள், வட்டி எவ்வளவு, வங்கி மேனேஜர் குழுவைப் பார்க்க வருகிறாரா? தமிழில் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வீர்கள். ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், முதல் தடவை திணறும். பெயரையும் ஊர்க்கதையையும் விட்டுவிட்டுப் பேசுங்கள், குழுவில் இருப்பவர்கள் அம்மாவின் அக்கம்பக்கத்தார்.

பலவீனம் பற்றிய கேள்விக்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். "எதையும் நூறு சதவீதம் சரியாகச் செய்யாமல் விட மாட்டேன், அதுதான் என் பலவீனம்" என்பதை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள், கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் சலித்துவிட்டது. ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினால் தடுமாறுகிறேன், அதற்கு இன்னது செய்கிறேன் என்று உண்மையைச் சொல்லலாம். எண்களில் கவனம் குறைவு என்று சொல்லிவிடாதீர்கள், அது உண்மையாக இருந்தாலும்! தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லுங்கள், ஊகித்துச் சொன்னால் அதிலிருந்தே இன்னும் இரண்டு கேள்வி முளைக்கும். உடை, கதவைத் தட்டுவது, கைகுலுக்குவது பற்றியெல்லாம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

தயாராகும் முறை ஒன்று சொல்கிறேன். நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி. கீழே பதிலை வாக்கியமாக எழுதாதீர்கள், நான்கைந்து சொற்களாக எழுதுங்கள். வாக்கியமாக எழுதினால் கை அதை மனப்பாடம் செய்துவிடும், ஒரு சொல் நழுவினால் மொத்தமும் போய்விடும். அதன் கீழே, இந்தப் பதிலைக் கேட்டவர் அடுத்து என்ன கேட்பார் என்று மூன்று கேள்விகள். பத்துப் பக்கம் போதும், நூறு வேண்டாம். பிறகு அந்தத் தோழியை எதிரே உட்கார வைத்து, நடுவில் மறிக்கச் சொல்லுங்கள். முழுப் பதிலையும் கேட்டுவிட்டுத் தலையாட்டுகிற ஆள் உதவ மாட்டார். பேசும்போதே பேச்சைத் திருப்பிவிடும் ஆள்தான் வேண்டும். அவளுக்கு வங்கி பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, "ஏன்", "அப்புறம்" என்று இரண்டு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு துளைத்தால் போதும்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, இன்டர்வியூக் குழு கேட்கும். "இந்தியாவில் எங்கே போட்டாலும் போவீர்களா?" பெண்களிடம் இதைக் கொஞ்சம் அழுத்தியே கேட்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு என்ன செய்வீர்கள் என்றுகூடக் கேட்டவர்கள் உண்டு, கேட்கக் கூடாத கேள்விதான். பி.ஓ. வேலை நாடு முழுவதற்குமானது. முதல் வேலையிடம் ஒடிசாவாகவும் இருக்கலாம், பீகாராகவும் இருக்கலாம். போவேன் என்று சொல்வது எல்லோருக்கும் எளிது. "மொழி தெரியாத ஊரில் என்ன செய்வீர்கள், வீட்டில் என்ன சொன்னார்கள்?" என்பதுதான் அடுத்த கேள்வி. வீட்டில் இதுவரை இதைப் பேசியே இருக்க மாட்டீர்கள். அழைப்புத் தேதிக்கு முன்னால் அம்மாவிடமும் அப்பாவிடமும் பேசிவிடுங்கள். அவர்கள் தயங்கினால் கிளார்க் தேர்வையும் சேர்த்து எழுதுங்கள். அது மாநில வாரியாக நடப்பது, தமிழ் தெரிந்திருக்க வேண்டும், இன்டர்வியூவும் கிடையாது.